இருபது கிலோ விருது

ஆசியக் கண்டத்தின் சிறந்த உதைபந்தாட்ட வீரர் யார், சிறந்த பயிற்றுவிப்பாளர் யார் என்பதை வருடா வருடம் இரண்டு இடங்களில் தீர்மானிக்கிறார்கள். ஒன்று, கோட்டும் டையும் போட்டவர்கள் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டும் ஒரு பெரிய மண்டபம். மற்றது, அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். மண்டபத்தில் எத்தனையோ தடவை தப்பான ஆளுக்கு விருது போயிருக்கிறது. மடுவத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. இதை நான் சொல்லவில்லை, தராசு சொன்னார். பதினொரு வருடம் அவர் சொன்னதையெல்லாம் எழுதியது மட்டுந்தான் நான்.

அந்தத் தோட்டத்து ஆபிசில் நான் கிளார்க்காக இருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதி, பகலில் கடிதம் எழுதி, சாயங்காலம் கைவிரல் மரத்துப்போய் வீட்டுக்குப் போகிறவன். எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. யாராவது ஓடுவதைப் பார்த்தாலே எனக்குக் கால் வலிக்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் தராசு விருதுக் குழுவின் செயலாளராக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒங்க கையெழுத்து மணிமணியா இருக்குங்க ஐயா" என்றார். அதற்கு மேல் எனக்கும் வாதாடத் தெம்பில்லை.

தராசுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஆபிஸ் பதிவில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெண்கள் பறித்துவரும் கொழுந்தை மடுவத்தில் நிறுப்பது அவர் வேலை. சாக்கின் எடையைக் கழிப்பார். மழை நாளில் இலையில் தங்கியிருக்கும் ஈரத்துக்கும் கழிப்பார். இதற்குத்தான் 'தண்ணிக்குக் கழிக்கிறது' என்று பெயர். இந்தக் கழிவினால் மலையகத்தில் மூண்ட சண்டைகளை எழுதப் புகுந்தால் இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது. கழித்தது போக அன்றைக்குரிய நிறை வந்தால் முழுப்பேர். வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு.

மற்ற தோட்டங்களில் வானத்தைப் பார்த்துக் கழிப்பார்கள். தராசு சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பிழிந்து பார்ப்பார். விரலிடுக்கில் எவ்வளவு ஈரம் வந்ததோ அதற்கு மட்டுந்தான் கழிவு. அதற்கு மேல் தொரையே வந்து சொன்னாலும் கழிக்க மாட்டார். அதற்குக் கீழே அவருடைய பெண்டாட்டி வந்து அழுதாலும் குறைக்க மாட்டார். அந்த அம்மா உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை அழுதிருக்கிறார், இரண்டு தடவையும் அரைப்பேர்தான் விழுந்தது.

சாயங்காலமானால் அவர் தோட்டத்து உதைபந்தாட்டக் குழுவின் பயிற்றுவிப்பாளர். எங்கள் மைதானம் தேயிலை நட முடியாது என்று கைவிட்ட ஒரு சரிவு. பந்து கோட்டைத் தாண்டினால் ஆற்றில்தான் போய் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளத் தெரியும். விட்டால் இறங்கி எடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தானே.

ஒரு நாள் தோட்டத்துக் கிளப்பின் தொலைக்காட்சியில் ஆசியாவின் உதைபந்தாட்ட விருது விழாவைக் காட்டினார்கள். ஆண்களுக்கு ஒரு விருது, பெண்களுக்கு ஒன்று, பயிற்றுவிப்பாளர்களுக்குத் தனியாக. தராசு வாயைத் திறந்தபடி முழுவதையும் பார்த்தார். மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஆபிஸ் சன்னலில் வந்து நின்றார்.

"ஐயா, நேத்து அந்தாளுக்குக் குடுத்தாங்களே, அவர எதுல நிறுத்தாங்க?"

"நிறுக்கலண்ணே. ஓட்டுப் போட்டாங்க."

"ஓட்டுன்னா? சும்மா கண்ணால பாத்தா?"

"அப்படித்தான்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப தண்ணிக்குக் கழிக்கவே இல்ல" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அந்த மாதமே முதலாவது மடுவத்து விருது விழா நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். பிரதம விருந்தினர் டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் அவர் 'நானா'. அவர் தேத்தண்ணிக்குத் தின்ன ஒரு பெட்டி பணிஸ் கொண்டு வந்திருந்தார், அதனால்தான் பிரதம விருந்தினர். தராசு தன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, அதில் ஓடும் ஆட்டங்களைப் பார்த்தே கண்டத்து வீரர்களை ஒவ்வொருவராக நிறுத்தார். நான் கொப்பியில் எழுதினேன்.

"இந்த ஜப்பான்காரப் பையன் ஓட்டம் நல்ல ஓட்டம். ஆனா முடிக்குக் கலர் அடிச்சிருக்காரு. சாக்குக்குக் கழிங்க ஐயா."

"எவ்வளவு?"

"ஒரு கிலோ போதும், சின்னப் பையன். அடுத்தவரப் பாருங்க, யாரும் தொடல, உருண்டு உருண்டு அழுவுறாரு. இது பூராத் தண்ணி. நாலு கிலோ கழிங்க."

முப்பது வயதைத் தாண்டியவர்களை 'முத்தின இலை' என்று தனியாக ஒதுக்கினார். கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றுகிறவர்களுக்குக் காம்புக்குக் கழிவு. மாலைக்குள் கண்டத்தில் பாதிப் பேருக்கு அரைப்பேர் விழுந்துவிட்டது. முடிவுகளை ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதி, மண்டபத்துக்காரர்களுக்கு அனுப்பச் சொன்னார். அவர்களுடைய அடுத்த விழா நடக்கும் முன்பே நாம் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ள வசதியாக இருக்குமாம். பதினொரு வருடமும் அனுப்பினேன். ஒரு வருடம் மட்டும் பதில் வந்தது: உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. கணினி தானாகவே போடும் பதில் அது என்று எனக்குத் தெரியும். தராசு அதை மடுவத்துச் சுவரில் ஒட்டி, "பாத்தீங்களா, மறுக்கல" என்றார்.

கண்டம் முடிந்ததும் தோட்டத்து விருதுகள். புதுத் தராசு வந்தபின் வேலையில்லாமல் கிடந்த இரும்பு எடைக்கற்கள்தான் பரிசு. சிறந்த இளம் வீரருக்கு ஐந்து கிலோ. சிறந்த வீரருக்குப் பத்து கிலோ. வென்றவர் அதைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போய், ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்த விழாவுக்குத் திரும்பத் தூக்கி வர வேண்டும். மேட்டு லயத்துக்கு நூற்றுச் சொச்சம் படி. விருதுக்குப் பயந்தே ஒரு வருடம் இரண்டு பேர் கடைசி ஆட்டங்களில் சோம்பலாக ஆடினார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

சிறந்த பயிற்றுவிப்பாளருக்கு இருபது கிலோக் கல். அதை யாரும் தூக்கியதே இல்லை. மடுவத்துக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டாகக் கிடந்தது. ஏனென்றால் அந்த விருதுக்கு நிறை வந்த ஆள் ஒருவருமில்லை. ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பயிற்றுவிப்பாளர் நிறையக் கோப்பை எடுத்தவர்தான், ஆனால் அவர் வெளியாட்களைத் தோட்டத்து ஆட்கள் என்று சொல்லி இறக்குகிறவர். அவருடைய நிறை முழுக்கத் தண்ணீர். மிச்சம் இருந்தது தராசு மட்டும். அவர் எங்கள் ஆட்களை எத்தனையோ தடவை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர், கோப்பை எடுக்காதவர்.

"கோச்சுங்க ஐயா, கப்பு எடுக்காட்டி அரைப்பேரு. அரைப்பேருக்குக் கல்லு கெடையாது. வாசிங்க."

நான் எழுந்து வாசிப்பேன்: "சிறந்த பயிற்றுவிப்பாளர், இந்த வருடமும் இல்லை." கூட்டம் கொட்டாவி விடும். நானா பணிஸ் பெட்டியைத் திறப்பார். இப்படியே வருடங்கள் போயின. ஒரே வரியை வருடா வருடம் வாசிக்கிறவனுக்கு என்ன அலுப்பு வரும் என்பது கோயில் பூசாரிக்குத்தான் தெரியும்.

நடுவில் பையன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். குழுவில் ஐந்து பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் வீடு வீடாகப் பாண் ரொட்டி விற்கும் வண்டிக்காரர். அவர் பாதி ஆட்டத்தில் பாண் விற்கப் போய்விடுவார். இத்தோடு இந்த வேலை ஓய்ந்தது, இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். தராசு கொழுந்து பறிக்கும் பெண்களை வைத்துக் குழு தொடங்கினார்.

அவர்களில் செல்வமணி என்றொரு பெண். கொழுந்து பறிப்பதிலும் வாய் பேசுவதிலும் அவளை மிஞ்ச அந்த டிவிசனில் ஆள் இல்லை. முதல் நாளே மடுவத்தில் எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்:

"ஏன் தராசண்ணே, காலையில தண்ணிக்குக் கழிக்கிறீங்க, சாயங்காலம் தண்ணியில ஓடச் சொல்றீங்க. எதுக்கு ஓடணும்?"

"நீ கூடையத் தூக்கிக்கிட்டு மலையேறுறியே புள்ள, அந்தக் காலு ஆசியாவுலயே இல்ல" என்றார் அவர்.

அவள் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஓட வந்தாள். அவள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பெண்கள் எங்கள் பையன்கள் ஆடியதைவிட நன்றாக ஆடினார்கள். நான்கூட இரண்டு தடவை நின்று பார்த்தேன், உட்கார இடம் இருந்ததால்.

கடைசி வருடத்துக்கு வருகிறேன். தராசுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு, வத்தளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அதே மாதம் பெண்கள் தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே அந்த ராகலைப் பக்கத்துத் தோட்டம்.

ஆட்டத்துக்கு முதல் நாள் காலை ஏதோ கையெழுத்துக்காக நான் மடுவத்துக்குப் போனேன். தராசு தரையில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் இருபது கிலோக் கல்லின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை ஒளித்தார்.

"சும்மாதாங்க ஐயா. துரு ஏறுனா கதவுல கறை புடிக்குது."

கதவு தகரக் கதவு, அதிலேயே வேண்டிய துரு இருந்தது. நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்து வருடமாக 'இல்லை, இல்லை' என்று என்னை வாசிக்க வைத்த மனிதருக்கு அந்தக் கல்லின் மேல் எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டம் நுவரெலியாவில். கொழுந்து லொறியில் போனோம். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது, எதிர்க் கோல் கம்பம் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது செல்வமணி பக்கவாட்டிலிருந்து ஓங்கி ஒரு உதை விட்டாள். பந்து வலைக்குள் கிடந்தது. மத்தியஸ்தர் விசில் ஊதிக் கோல் என்று கை காட்டினார். எங்கள் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தராசு எப்போதும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே குனிந்து நின்றுதான் ஆட்டம் பார்ப்பார். தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய மனிதர். அவர் இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மைதானத்துக்குள் நடந்தார். கட்டிப்பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெண்களைத் தாண்டி மத்தியஸ்தரிடம் போனார்.

"மாத்தயா, ஏக்க கோல் எகக் நெமெய்" என்று சிங்களத்தில் சொன்னார். ஐயா, அது கோல் இல்லை.

சிங்களவரான அந்த மத்தியஸ்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ பயிற்றுவிப்பாளர்கள் அவரிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள். தன் குழு அடித்த கோல் வேண்டாம் என்று ஒருவரும் வந்திருக்க மாட்டார். தராசு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், வலையின் பக்கவாட்டில் ஒரு கிழிசலைக் காட்டினார். பந்து கம்பத்துக்கு வெளியே போய், அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. எதிர்க்குழுவுக்கே தெரியாது. மத்தியஸ்தர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கோல் இல்லை என்று கை காட்டினார்.

கடைசியில் தண்ட உதை. குழுவுக்கு ஐந்து. எங்கள் ஐந்தாவது உதை செல்வமணியுடையது. அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோப்பை ராகலைப் பக்கம் போனது.

திரும்பி வரும் லொறியில் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இருபது கிலோக் கல்லை அவர் காலில் போட்டிருப்பேன். நானே இப்படி என்றால் மழையில் மூன்று வருடம் ஓடிய அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பாதி வழியில் செல்வமணிதான் வாயைத் திறந்தாள்.

"ஏண்ணே, அந்த ஓட்டைய நீங்க பாக்காம இருந்திருக்கலாம்ல?"

"பாத்துட்டேனே புள்ள" என்றார் தராசு.

அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு விருது விழா. செவ்வாய்க்கிழமை அவர் வத்தளைக்குப் போகிறார். யாரும் வர மாட்டார்கள், நானும் அவரும் நானாவும் பணிசும் மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். மடுவம் நிறைந்திருந்தது. குழுப் பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. தராசு அதே கல்யாணக் கோட்டில், அவர்களைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டத்தை வழக்கம்போல நிறுத்தோம். பத்து கிலோக் கல்லுக்குச் செல்வமணியின் பெயரை வாசித்தேன். அவள் அசையவில்லை. கல் மேசையிலேயே இருந்தது.

"அடுத்தது, சிறந்த பயிற்றுவிப்பாளர்" என்றேன்.

"அரைப்பேரு. வாசிங்க ஐயா" என்றார் தராசு.

நான் கொப்பியைத் தூக்கினேன். "நில்லுங்க ஐயா" என்று செல்வமணி முன்னால் வந்தாள். "நிறுக்காம எப்புடி அரைப்பேருன்னு சொல்றது? அண்ணே, ஏறுங்க."

மடுவத்து மூலையில் உர மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"என்ன புள்ள வெளையாட்டு..."

"வெளையாட்டு இல்ல. ஏறுங்கண்ணே."

அவர் செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். அந்த நேரத்திலும் செருப்பின் எடை சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. செல்வமணி குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"அம்பத்தெட்டு. சாக்குக்குக் கழிக்கணும். கோட்டுக்கு ஒரு கிலோ கழிங்க ஐயா."

கழித்தேன்.

"தண்ணிக்கு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

செல்வமணி அவருடைய கோட்டுக் கையை ஒரு பிடியாகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தாள். அவர் கொழுந்தைப் பிழிவது போலவே பிழிந்தாள். பிறகு விரலை விரித்து எல்லாருக்கும் காட்டினாள்.

"காஞ்சிருக்கு."

"இல்ல புள்ள, சரியாப் பாரு" என்றார் தராசு. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஈரம் இருக்கு. கழிச்சுப்புடு."

"எங்க கொழுந்துக்கு நீங்க ஒரு நாளும் கூடக் கழிச்சதில்லண்ணே. அன்னைக்கி எங்க கோலுக்குக் கழிச்சீங்க. அதையும் சரியாத்தான் கழிச்சீங்க. எனக்குக் கோவம் இருக்கு, இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கும். ஆனா நிறை இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "முழுப்பேரு எழுதுங்க ஐயா."

எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் கொப்பியில் கோணலாக இருக்கும்.

வருடக்கணக்காகக் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்ததும் கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. நானா பயந்து பணிஸ் பெட்டியைக் கீழே போட்டார். தராசு கல்லைத் தூக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள்தான் மாறி மாறிச் சுமந்துகொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். சாக்குக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். "ஆசியா விருது" என்று செல்வமணி சொன்னாளாம். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சீட்டுக்கடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாராம்.

நானும் வேலையை விட்டு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். வருடா வருடம் மண்டபத்துக்காரர்கள் விருது கொடுத்த மறுநாள் காலையில் வத்தளையிலிருந்து போன் வரும். எடுத்தால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஐயா, பாத்தீங்களா? இந்த வருசமும் அந்தக் கோச்சுக்குத் தண்ணிக்குக் கழிக்காமக் குடுத்துட்டாங்க. எழுதிக்குங்க."

எழுதிக்கொள்வேன். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கொப்பியை ஹட்டனுக்குக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். கல் மகள் வீட்டுக் கதவுக்கு முட்டாக இருக்கிறதாம், கடல் காற்றில் துரு ஏறாமலிருக்க வாரம் ஒரு முறை எண்ணெய் போடுகிறாராம்.

இந்த வருடம் விருது கொடுத்த மறுநாள் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் பழுதாகி, பேரன் திருத்தக் கொடுத்திருந்தான் என்று நாலாம் நாள் காலையில் அவரே பேசினார், பேசிய கையோடு இரண்டு பேருக்கு அரைப்பேர் போட்டார். அந்த மூன்று நாளும் நான் கொப்பியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.